மெஷினை மாத்தறதுக்கு முன்னால…



போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "யூனியன் ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. ஒரு பேரைத் தேட விட்டுட்டு டீ குடிச்சிட்டு வரலாம். புதுசு வாங்கிடுவோம். பணத்தை உதவி நிதியில இருந்து எடுத்துக்கலாம்." ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் முக்கால்வாசிப் பேர் தூக்கினோம். நானும்தான். பொருளாளர் மட்டும், "அடுத்த கூட்டம் வரைக்கும் தள்ளி வைப்போம்பா" என்று சொன்னதால் விஷயம் அப்படியே நின்றது. இப்போது சொல்கிறேன்: அன்று நான் கை தூக்கியது தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அந்தப் பணம் என்ன பணம்? பரீட்சை ஃபீஸ் கட்ட முடியாத தோழனுக்குக் கொடுப்பதற்காக நாம் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்த பணம். திண்டிவனத்திலிருந்தும் மயிலத்திலிருந்தும் பேரணியிலிருந்தும் காலையில் ரயிலில் நின்றுகொண்டே வருகிற நம் பசங்களில் எத்தனை பேர் கடைசித் தேதி வரைக்கும் ஃபீஸுக்கு அலைகிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா? அந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். மெஷின் ஸ்லோவா, இல்லை நாம அதுகிட்ட வேலை வாங்குற விதம் ஸ்லோவா?

பட்டியலின் கதை

யூனியன் ரூமில் அந்தக் கணிப்பொறி செய்கிற முக்கியமான வேலை ஒன்றே ஒன்றுதான். பழைய மாணவர் பட்டியல். பெயர், வருஷம், பிரிவு, ஊர், போன் நம்பர், ரத்த வகை என்று ஒரு ஆளுக்கு 8 விவரம். சுமார் 4000 பேர். வேலைவாய்ப்பு விசாரிக்க, ஆண்டு விழாவுக்கு அழைக்க எல்லாம் இதுதான். எல்லாவற்றையும் விட, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால், உட்கார்ந்து தேடுவதும் இதில்தான். ஒருமுறை நான் ரூமில் இருந்தபோது அப்படி ஒரு போன். "ஓ நெகட்டிவ் யாராவது இருக்காங்களா தம்பி?" என்று ஒரு அம்மா கேட்கிறார். நான் டைப் பண்ணுகிறேன். கர்சர் நகரவில்லை. "லைன்ல இருங்கம்மா, பாத்துட்டிருக்கேன்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை எனக்கே வெட்கமாக இருந்தது. அன்றைக்குத்தான் நானும் "புது மெஷின்" கட்சியில் சேர்ந்தேன்.

பட்டியல் இருப்பது பெரிய டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் இல்லை. ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்குள் திறக்கிற ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், ஆளுக்கு ஒரு வரி. தேடுவதற்கு சீனியர் அண்ணன் ஒருவர் லிஸ்ப் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போனார். "இதென்ன அந்தக் காலத்து வேலை?" என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். அதற்கு முன்னால் இந்தப் பட்டியல் ஃபாக்ஸ்புரோவில் இருந்ததாம். மைக்ரோசாஃப்ட் 2004-ல் விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பான 9-ஐ வெளியிட்டது. 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. டெக்ஸ்ட் ஃபைலுக்கு அந்த ஆபத்து கிடையாது. எந்த மெஷினிலும் திறக்கும், பென் டிரைவில் போகும், லைசென்ஸ் கேட்காது. ஆக அண்ணன் செய்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். பிரச்சினை வேறு இடத்தில்.

டாங் டெஸ்டர் போட்டுப் பார்த்தோமா?

எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்களைக் கேட்கிறேன். மோட்டார் திணறினால் உடனே புது மோட்டார் வாங்கச் சொல்வீர்களா? டாங் டெஸ்டர் போட்டுக் கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பீர்கள். நம் ஊர் விவசாயியைக் கேளுங்கள். பம்பு செட்டில் தண்ணி சரியாக வரவில்லை என்றால் முதலில் ஃபுட் வால்வைத்தான் பார்ப்பார். கம்ப்யூட்டர் என்றதும் மட்டும் நமக்கு அந்தப் புத்தி எங்கே போகிறது? அளக்காமலேயே "பழசு, தூக்கிப் போடு" என்கிறோம்.

ஈமேக்ஸுக்குள்ளேயே ஒரு டாங் டெஸ்டர் இருக்கிறது. பேர் புரொஃபைலர். 2013-ல் வந்த 24.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதை ஆரம்பித்து விட்டு, வழக்கம்போல ஒரு பேரைத் தேடி, பிறகு ரிப்போர்ட் கேட்டால் போதும். எந்த ஃபங்ஷன் எத்தனை சதவீதம் நேரத்தைத் தின்றது என்று வரிசையாகக் காட்டும். இரண்டாம் வருஷத் தம்பி ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதைப் போட்டுப் பார்த்தேன்.

நான் நினைத்தது, பழைய டிஸ்க் ஃபைலைப் படிக்க நேரமெடுக்கிறது என்று. தம்பிதான் சொன்னான், "அண்ணா, ஃபைல் சைஸைப் பாருங்க." பார்த்தால் ஒரு செல்போன் போட்டோவை விடச் சின்னது! அதைப் படிக்க எந்த மெஷினும் திணறாது. நேரம் போனது வேறு மூன்று வேலையில்.

ஒன்று. ஒவ்வொரு தடவை தேடும்போதும் 4000 வரியையும் முதலிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் 8 துண்டாக வெட்டியது. 32,000 துண்டு.

இரண்டு. ஒவ்வொரு பேரையும் ஒவ்வொரு தடவையும் சீர்படுத்தியது. நம்ம பேர்தான் உங்களுக்குத் தெரியுமே! ஒருத்தன் இனிஷியலை முன்னால் போடுவான், ஒருத்தன் பின்னால். ஒருத்தன் புள்ளி வைப்பான், ஒருத்தன் வைக்க மாட்டான். போதாக்குறைக்கு யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். 'ொ' என்பது ஒரே குறியீடாகவும் வரலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு வேறு. போன் நம்பரிலும் அப்படியே. ஒருத்தர் 04147 என்று எஸ்.டி.டி. கோடோடு, ஒருத்தர் +91 போட்டு, ஒருத்தர் நடுவில் இடைவெளி விட்டு. இதையெல்லாம் சரிசெய்யாமல் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். அதனால் சீர்படுத்தும் வேலை அவசியம்தான். அண்ணன் அதைச் செய்தது சரி. தேடுகிற ஒவ்வொரு தடவையும் செய்யச் சொன்னதுதான் கோளாறு. வேலை தப்பில்லை, இடம் தப்பு.

மூன்று. டைப் செய்யச் செய்யத் தேடியது. இது கேட்கச் சின்ன விஷயம். 'கார்த்திக்' என்று அடிக்கிறோம். எழுத்து 5, ஆனால் யூனிகோடில் குறியீடு 10 (புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடு). ஒரு குறியீட்டுக்கு ஒரு தேடல் என்று வைத்தால், ஒரு கார்த்திக்கைத் தேட 40,000 வரி. 3 லட்சத்து 20 ஆயிரம் துண்டு! நம்ம பட்டியலில் கார்த்திக் எத்தனை பேர் என்பது தனிக் கதை.

இந்தத் துண்டெல்லாம் எங்கே போகும்? கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட இலை மாதிரி மெமரியில் குவியும். ஈமேக்ஸ் அவ்வப்போது எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இலை எடுக்கும். இதற்குத்தான் 'கார்பேஜ் கலெக்ஷன்' என்று பேர். 64 பிட் மெஷினில் வழக்கமாக 8 லட்சம் பைட் சேர்ந்ததும் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நம்ம புரோகிராம் ஒரே தேடலில் அந்த அளவைத் தாண்டிவிடும். கர்சர் உறைந்து நின்றதன் ரகசியம் இதுதான். "அந்த 8 லட்சத்தைப் பெரிசாக்கிட்டா சரியாயிடும்" என்று ஒரு யோசனை உலகமெங்கும் சொல்கிறார்கள். அது குப்பைத் தொட்டியைப் பெரிசாக்குவது, அவ்வளவுதான். இலையைக் குறைப்பது எப்படி என்று யோசிப்பதல்லவா புத்திசாலித்தனம்?

அகராதி கற்றுக்கொடுத்த பாடம்

இது ஒன்றும் புதுப் பிரச்சினை அல்ல நண்பர்களே. நம் தமிழிலேயே பழைய பிரச்சினை. அந்தக் காலத்து நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகச் சொற்கள் தொகுக்கப்பட்டிருந்தன. மனப்பாடம் செய்தவருக்குப் பிரச்சினை இல்லை. செய்யாதவர் ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால்? 1594-ல் ரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' என்று ஒன்று செய்தார். சொற்களை அகர வரிசையில் வைத்தார். 1732-ல் வீரமாமுனிவரின் 'சதுரகராதி' வந்தது. சொற்கள் அதே சொற்கள்தான். படிக்கிறவரின் கண்ணும் அதே கண்தான். அடுக்கிய விதம் மாறியது, தேடும் நேரம் குறைந்தது. யாரும் "வேகமாகப் படிக்கிற கண்" வாங்கவில்லை!

கணக்கும் அதையேதான் சொல்கிறது. 4000 பெயரை வரிசையாகப் பார்த்தால் 4000 ஒப்பீடு. அகர வரிசையில் அடுக்கி, நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்துக்கொண்டே போனால் அதிகபட்சம் 12. ஏனென்றால் 2-ஐ 12 தடவை பெருக்கினால் 4096. இது நமக்குத் தெரியாததா? டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் 'பைனரி சர்ச்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். மார்க் வாங்குகிறோம். பரீட்சை ஹாலை விட்டு வெளியே வரும்போது அதை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நாற்பது அடி தள்ளி யூனியன் ரூமில் அது தேவைப்படுகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லையே!

ஹேஷ் டேபிள் என்பதும் அப்படித்தான். விழுப்புரம் ஜங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று ஐந்து பக்கம் லைன் பிரிகிறது. காட்பாடி வண்டிக்குப் போகிறவர் ஒவ்வொரு பிளாட்பாரமாக இறங்கி ஏறி, "இது காட்பாடியா சார்?" என்று கேட்டுக்கொண்டா போவார்? போர்டைப் பார்ப்பார், நேரே போவார். பேரைக் கொடுத்தால் பிளாட்பாரம் நம்பர் சொல்கிற போர்டுதான் ஹேஷ் டேபிள்.

ஈமேக்ஸுக்குள் முகவரிப் புத்தகம் வைக்கும் வேலையை 1991-லேயே செய்தவர் ஜேமி ஜவின்ஸ்கி என்ற அமெரிக்கப் புரோகிராமர். அவர் எழுதியதற்கு பி.பி.டி.பி. என்று பேர். அதிலும் ஆளுக்கு ஒரு வரி வைத்த டெக்ஸ்ட் ஃபைல்தான்! ஆனால் ஃபைலை ஒரு தடவைதான் படிக்கும். படிக்கும்போதே பெயருக்கும் மெயில் முகவரிக்கும் போர்டு எழுதி வைத்துக்கொள்ளும். அன்றைக்கு ஈமேக்ஸில் ஹேஷ் டேபிள் என்று தனியாக ஒன்று கிடையாது, அது 2001-ல் 21-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதனால் லிஸ்பில் வேறு காரியத்துக்கு இருந்த ஒரு வசதியை எடுத்து ஹேஷ் டேபிளாக்கிக்கொண்டார்கள். அதில் 1021 அறை. 1021 ஒரு பகா எண், பெயர்கள் சமமாகப் பரவட்டும் என்பதற்காக. அந்தக் காலத்து மெஷினில் இது போதுமான வேகத்தில் ஓடியிருக்கிறது. நம்ம யூனியன் ரூம் மெஷின், எவ்வளவு பழசானாலும், 1991-ஆம் வருஷத்து மெஷினை விடப் பல மடங்கு வேகம். அப்புறம் எதற்கு நமக்குப் புது மெஷின்?

என்ன செய்தோம்?

மூன்று சனிக்கிழமை ஆனது. ஃபைலை ஒரே தடவை படிக்க வைத்தோம். படிக்கும்போதே பெயரையும் நம்பரையும் சீர்படுத்தி மெமரியில் வைத்தோம். பெயர்களை அடுக்கி 'வெக்டார்' என்ற அமைப்பில் போட்டோம். (முதலில் லிஸ்டில் போட்டு அசடு வழிந்தோம். லிஸ்டில் நடுவுக்குப் போகவே பாதி தூரம் நடக்க வேண்டும்.) ரத்த வகைக்கு ஒரு ஹேஷ் டேபிள், போன் நம்பருக்கு ஒன்று. ஆள் டைப் செய்வதை நிறுத்திய பிறகே தேடு என்று ஒரு டைமர். அவ்வளவுதான். புரோகிராம் பழசை விட இரண்டு பக்கம்தான் அதிகம்.

நடுவில் ஒரு பாடமும் கிடைத்தது. போர்டு எழுதிய பிறகு யாராவது ஃபைலில் நம்பரை மாற்றினால்? போர்டில் பழைய நம்பரே இருக்கும்! ஒரு நாள் முழுக்க அப்படித்தான் ஓடியது. அதனால் ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று பார்த்து, மாறியிருந்தால் மட்டும் மறுபடி படி என்று சேர்த்தோம். மெதுவான சரியை விட வேகமான தப்பு மோசம். ரத்தம் கேட்டு நிற்கிறவருக்கு அது இன்னும் மோசம்.

இன்றைக்கு 'ஓ நெகட்டிவ்' என்று அடித்துக் கையை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நிற்கிறது. அதே மெஷின்!

"ஆனாலும்…" என்பவர்களுக்கு

"புது மெஷினும் வேகமாத்தானே ஓடும் மச்சான்?" ஓடும். இரண்டு மடங்கு வேகம் என்றே வையுங்கள். 4000 வரி 8000 ஆகும் நாளில் மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்போம். மறுபடி தீர்மானம், மறுபடி உதவி நிதி. அடுக்கி வைத்த பட்டியலிலோ 8000 பேருக்கு 13 ஒப்பீடு. ஒன்றே ஒன்றுதான் கூடும்!

"இன்டர்நெட்ல ஏத்திட்டா வேலை முடிஞ்சுது" என்கிறார்கள். 4000 பேர் நம்மை நம்பிக் கொடுத்த நம்பரும் ரத்த வகையும் அது. எங்கோ இருக்கிற சர்வரில் போடலாமா என்று அவர்களிடம் கேட்டோமா? 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. யூனியன் கொஞ்சம் நிதானித்துத்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். மெஷின் மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டால், மெமரி பத்தாமல் எல்லாவற்றையும் டிஸ்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால், வாங்கத்தான் வேண்டும். நான் வாங்காதே என்று சொல்லவில்லை. அளந்து பார்த்துவிட்டு வாங்கு என்கிறேன். அளந்த காகிதத்தைப் பொருளாளர் கையில் கொடுத்துவிட்டுக் கேளு என்கிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை. "நாம டிப்ளமோதானே, இதெல்லாம் பி.இ. படிச்சவன் பாத்துப்பான்" என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து, திருத்தி, மற்றவருக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடுதான் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் குனு ஈமேக்ஸை வெளியிட்டார். அதில் "டிகிரி இருந்தால் மட்டும்" என்று எந்த இடத்திலும் எழுதவில்லை. நம் விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கட்டற்ற மென்பொருளை மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். போய் உட்கார்ந்து கேட்கலாம். சந்தேகம் கேட்க வெட்கம் வேண்டாம்.

எனவே வருகிற பொதுக்குழுவில் என் கோரிக்கை இரண்டு. உதவி நிதி, உதவிக்கே இருக்கட்டும். யூனியனில் எந்தப் பொருளையும் "ஸ்லோ", "பழசு" என்று தூக்கிப் போடுவதற்கு முன், அந்தந்தப் பிரிவு மாணவர் இரண்டு பேர் அளந்து பார்த்து அறிக்கை கொடுக்கட்டும். கம்ப்யூட்டர் ஆனாலும் சரி, ஹாஸ்டல் மோட்டார் ஆனாலும் சரி. நமக்குச் சம்பளமா கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். கட்டணம் கட்டிக் கற்ற படிப்புக்கு ஒருநாள் உயிர் வந்தது என்ற சந்தோஷம் போதும்.

இந்த முறை ஓட்டு எடுக்கும்போது என் கை கீழேதான் இருக்கும். உங்கள் கை?

– மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு மாணவன்